ஷிஃப்ட் வேலை, கேன்டீன் சாப்பாடு, சர்க்கரை நோய்: சில குறிப்புகள்

"சோத்தைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க." டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்றே கிடைக்கும் அறிவுரை இது. தப்பில்லை. ஆனால் கேட்பவர் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் பார்ப்பவர் என்றால், எந்த நேரத்துக்கு? ஒரு வாரம் காலை ஷிஃப்ட், இன்னொரு வாரம் நைட். ஒரு வேளையாவது கேன்டீன் சாப்பாடு. அங்கே என்ன சமைப்பது என்பது அவர் கையில் இல்லை.

இது சிலரது பிரச்சினை மட்டுமல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

அறிவுரை வேலை செய்யுமா? சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு தென்னிந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த 537 ஆண்களை இரண்டு வருடம் கவனித்தது. எல்லோரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அறிவுரை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகும் தொடர்ந்து எஸ்எம்எஸ் போனது. முடிவு 2013-இல் வந்தது: ஒருமுறை அறிவுரையோடு விட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, மாறியது சாப்பாடுதான். ஒரு தடவை சொல்லிவிட்டு விடுவதும், விடாமல் நினைவூட்டுவதும் ஒன்றல்ல என்பது இதில் தெரிகிறது.

சரி, எதைச் சொல்வது? நான்கு விஷயங்கள்.

ஒன்று, தட்டு. பாதித் தட்டு பொரியல், கூட்டு. கால் தட்டு முட்டை, சுண்டல், பருப்பு மாதிரி புரதம். மீதிக் காலில்தான் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

இரண்டு, "சப்பாத்திக்கு மாறிட்டேன்" என்ற நிம்மதி. மூன்று சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒரு கப் சோற்றில் இருப்பதுதான். கேழ்வரகுக் கூழும் அப்படியே. கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரமே சர்க்கரை ஏறும். அளவுதான் கணக்கு.

மூன்று, டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒரு ஷிஃப்டுக்கு நான்கு என்றால், சுமார் 32 கிராம் சர்க்கரை. தட்டைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுபவர்கூட இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்கு, நைட் ஷிஃப்ட். அதே சாப்பாடு ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். இன்சுலின் சுரப்பும் உடலின் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதுதான். அதனால் பெரிய சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்னால் முடித்துக்கொண்டு, நடுராத்திரியில் சுண்டல், மோர் என்று லேசாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளையைத் தாண்டிவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வரும். மெஷின் முன்னால் நிற்கும்போது இது விபத்தில் முடியலாம். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். உங்க ஷிஃப்ட் விவரத்தை அவர் கேட்காவிட்டாலும் நீங்க சொல்லிடுங்க.

இவ்வளவும் தனி ஆள் செய்யக்கூடியது. ஆனால் கேன்டீனில் சோறு தாராளம், பொரியல் ஒரு கரண்டி என்று இருந்தால் பாதித் தட்டுக் காய்க்கு எங்கே போவார்? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்க வழிசெய்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 46-ஆவது பிரிவிலேயே அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தையும் பேசியது. அந்தக் குழுவில் பெரும்பாலும் விலையும் சுவையும் பேசப்படும். இன்னொரு கரண்டி பொரியல், தினமும் சுண்டல், சர்க்கரை தனியாக வைத்த டீ என்ற மூன்றையும் கேட்டால் செலவு அதிகமில்லை. ஒருவருக்குச் சொல்லும் அறிவுரை ஒரு தட்டை மாற்றும். கேன்டீன் மெனு மாறினால் சர்க்கரை இருப்பதே தெரியாதவர் தட்டும் சேர்ந்து மாறும்.