வீடெல்லாம் பாட்டு: ஒரு ரிசீவர் எத்தனை ஸ்பீக்கரைத் தாங்கும்?

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் கரடியனாறு வரை எழும்பும் புதிய கல்வீடுகளில் ஹோலுக்கு ஒரு பெரிய டி.வி., அதற்குக் கீழே ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் என்பது சாதாரண ஆசையாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பியதாக இருக்கலாம், டவுனில் பாவித்த சாமானாக வாங்கியதாகவும் இருக்கலாம். அடுத்த ஆசை உடனே வந்துவிடும். ஹோலில் பிள்ளைகள் படம் பார்க்க வேண்டும், குசினியில் அம்மா காலைச் செய்தி கேட்க வேண்டும், விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் அப்பப்பாவுக்குப் பக்திப் பாட்டுப் போக வேண்டும். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து.

முடியும். 7 சனல் ரிசீவரில் 5 சனலை ஹோலுக்கு வைத்துக்கொண்டு மிச்சம் 2 சனலை வேறோர் அறைக்குக் கொடுக்கலாம். அதற்கென்றே பின்பக்கத்தில் ‘சோன் 2’ என்று முனைகள் இருக்கும். பழைய மொடல்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலி சோன் 2க்குப் போகாது, சிவப்பு வெள்ளை வயரில் வருவதுதான் போகும். படத்தையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோவதென்றால் இரண்டாவது எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ள ரிசீவர் வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிளை 10 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. அதற்கு மேல் கெட் 6 வயரில் அனுப்பும் கருவி தேவை.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சோன் 2இல் கொழுவிய குசினி ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது என்றதும் அதே முனையிலிருந்து விறாந்தைக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று என்று வயர் இழுபடுகிறது. ஒரு ஸ்பீக்கர் 8 ஓம். பக்கத்தில் இன்னொன்றைச் சமாந்தரமாகக் கொழுவினால் ரிசீவருக்குத் தெரிவது 4 ஓம். மூன்றாவதோடு 2.7, நாலாவதோடு 2. அதே சத்தத்துக்கு இழுபடும் கரண்ட் நாலு மடங்கு. வீட்டு ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓமுக்கோ 4 ஓமுக்கோ குறையக் கூடாது என்று பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

இந்தப் பழக்கம் கோயிலிலிருந்து வந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் வீதி நீளத்துக்கு மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் ஏறும். ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவிக்கொண்டே போவார்கள், ஒன்றும் எரியாது. ஏனென்றால் அத்தகைய அம்ப்ளிஃபயர்களில் 100 வோல்ட் லைன் உண்டு. ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும். 100 வாட்ஸை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடுவது 1 அம்பியர். அதையே 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரே அனுப்பினால் மூன்றரை அம்பியர். அங்கே வாட்ஸைக் கூட்டிப் பார்த்தால் போதும். வீட்டு ரிசீவரில் ஓமைக் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டும் ஸ்பீக்கர் கட்டுவதுதான் என்று நினைப்பதில்தான் பெட்டி போகிறது.

போகும் விதம் மெதுவானது. கண்ணாடி அலுமாரிக்குள் ரிசீவர். அதன் மேல் பின்னல் துணி, துணிக்கு மேல் சற்றலைட் டி.வி. பெட்டி. காற்றுப் போக வேண்டிய துவாரங்கள் அத்தனையும் மூடியாயிற்று. வெளியே மட்டக்களப்பு வெயில். பாரம் கூடக் கூட உள்ளே சூடு ஏறும், நல்ல ரிசீவரென்றால் தானாக நின்றுவிடும். ‘நிண்டு நிண்டு வேலை செய்யுது, லூஸ் கனெக்‌ஷன் போல’ என்று தலையில் தட்டித் திரும்பப் போடுகிறார்கள். நாலாம் ஐந்தாம் முறை வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் போய்விடும். பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இல்லாத மலிவுப் பெட்டியென்றால் கருகல் மணம்தான் முதல் அறிவிப்பு.

வயரும் கவனிக்க வேண்டியது. 15 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரென்றால் போய்வரும் தடை ஏறக்குறைய 0.35 ஓம். 0.5 வயரென்றால் 1 ஓமைத் தாண்டும். சத்தம் மெலியும், உடனே வொலியூமைக் கூட்டுவார்கள், சூடு இன்னும் ஏறும்.

அறைக்கு ஒரு வைஃபை ஸ்பீக்கர் வைத்தால் தொல்லையில்லை என்பாரும் உண்டு. கையில் நல்ல ரிசீவர் இருக்கும் வீட்டுக்கு அது இரட்டைச் செலவு.

இருப்பதை வைத்தே பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறது. நாலு 8 ஓம் ஸ்பீக்கரை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரு சோடியையும் சமாந்தரமாகக் கொழுவினால் மொத்தம் 8 ஓம்தான். ஓமைச் சரிக்கட்டும் ஸ்பீக்கர் செலெக்டர் பெட்டியும் உண்டு. எல்லாவற்றிலும் நல்லது, சோன் 2 ப்ரீ அவுட்டிலிருந்து தனி அம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது. முற்றத்துக்கும் வளவுக்கும் கோயில்காரரின் 100 வோல்ட் முறையே சிறந்தது. இடி மின்னல் நேரத்தில் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வோர் அறைக்கும் தனிக் குழாய் விட்டு 1.5 வயர் இழுத்து வையுங்கள். ஏற்கெனவே வயர் கொழுவியவர்கள் இன்றைக்கே அலுமாரியைத் திறந்து, ரிசீவரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் முற்றத்து ஸ்பீக்கரை முதலில் கழற்றுங்கள்.