அம்பத்தூருக்கு வந்தவர்கள்

அம்பத்தூர்ப் பகுதியிலுள்ள பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்றால் தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குக் கீழே வடநாட்டுக் கடலைச் சத்துமாவு பாக்கெட். 'ஊரே மாறிப்போச்சு' என்பது பழைய குடிகளின் அங்கலாய்ப்பு. எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுகிறது. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கியபோது இது ஏரியும் வயலுமாக இருந்த இடம். 1964இல் தொழிற்பேட்டை வந்தது. லேத்துப் பட்டறைகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இன்றைய 'உள்ளூர்க்காரர்' பலர் அவர்களின் பிள்ளைகள்தாம்.

வடக்கத்தியர் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற குறை வெறும் வெறுப்பல்ல. கூலி அடிபடுவது உண்மையான பயம். ஆனால் கூலியை முடிவு செய்வது பீகார் இளைஞனா, அவனைக் கூட்டிவரும் காண்டிராக்டரா? 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குத் தரும் கூலியைத்தான் வெளிமாநிலத்தவருக்கும் தரவேண்டும் என்றது. அது ஒழுங்காக நடந்திருந்தால் மலிவான ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் கூட்டமாக ரயிலேறினார்கள். ஆளில்லாமல் தவித்தவர்களில் நம் முதலாளிகளும் உண்டு.