பைக் மீனுக்கு ஒரு ராட், புரூக் டிரவுட்டுக்கு ஒரு ராட்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஒரே ஃபிளை ராட் வாங்கி புரூக் டிரவுட், பைக் ரெண்டையும் பிடிக்க முடியுமா?"

முதல்ல, பைக்னா வண்டி இல்லை. வாத்து அலகு மாதிரி தட்டையான வாய், அது நிறைய பல், அப்படி ஒரு மீன். கனடாவில், ஒன்டாரியோவின் வடக்கே நிபிகான் பக்கம் ரெண்டு மீனும் உண்டு. அதனால அந்த இடத்தை வச்சே பேசுறேன்.

முடியும்னு நினைச்சுதான் நானும் ஒரு 5-வெயிட் ராடோட போனேன். பைக் கடிச்சது. நாலு செகண்ட்தான், லைன் லேசாயிடுச்சு. இழுத்துப் பார்த்தா, நுனி நரம்பு பிளேடால வெட்டின மாதிரி இருந்தது. ஃபிளை போனது பெரிசில்லை. வாயில முள்ளோட ஒரு மீன் போயிடுச்சே, அதுதான் இன்னும் உறுத்துது.

தப்பு கடையிலேயே ஆரம்பிச்சது. நான் முதல்ல ராடைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது மறுமுனையிலிருந்து. மீன் என்ன தின்னுது? அதுக்கு எந்த ஃபிளை? அந்த ஃபிளையை வீச எந்த லைன்? அந்த லைனுக்கு எந்த ராட்?

சாதாரண தூண்டில்ல நுனியில இருக்கிற கனம் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃபிளைங்கிறது முள்ளுல இறகும் முடியும் சுத்தினது, அதுக்குக் கனமே கிடையாது. இங்கே லைன்தான் கனம். ராட் மேல இருக்கிற "4-வெயிட்", "8-வெயிட்" எல்லாம் ராடோட எடை இல்லை, அது எந்த லைனுக்குன்னு சொல்ற எண். லைனோட முதல் 30 அடி, 4-வெயிட்ல சுமார் 8 கிராம், 8-வெயிட்ல சுமார் 13.5 கிராம்.

இப்போ புரூக் டிரவுட். குளிர்ந்த, சுத்தமான தண்ணியில வாழும். சின்ன ஓடைன்னா 7, 8 அடி நீளத்துல 3 அல்லது 4-வெயிட் போதும். மேல மிதக்க 12, 14-ஆம் எண் எல்க் ஹேர் கேடிஸ், உள்ளே போக ஹேர்ஸ் இயர் நிம்ஃப். எண் கூடக் கூட ஃபிளை சின்னது. நுனி நரம்பான டிப்பெட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு: ஃபிளை எண்ணை மூணால வகுங்க. 12-க்கு 4எக்ஸ்.

நிபிகான் மாதிரி பெரிய ஆறுன்னா 6-வெயிட் எடுங்க. உலக சாதனை புரூக் டிரவுட், பதினாலரை பவுண்ட், இந்த ஆத்துலதான் கிடைச்சது. இங்கே போட வேண்டியது மட்லர் மின்னோ. 1930-களில் டான் கேபன் இந்த ஆத்துக்காகவே கட்டின ஃபிளை. மான் முடியால தலை. கல்லுக்கடியில ஒளியுற ஸ்கல்பின்கிற குட்டி மீன் மாதிரியே இருக்கும்.

பைக்குக்கு வேற கணக்கு. அது களைச்செடிக்குள்ள ஒளிஞ்சு நின்னு பாயுற மீன். ஃபிளை 5-லிருந்து 8 அங்குலம், பெரும்பாலும் முயல் தோல் பட்டையில கட்டினது. அது தண்ணியைக் குடிச்சா ஈரத்துணி மாதிரி கனக்கும். 5-வெயிட்டால அதை வீச முடியாது, 9 அடியில 8 அல்லது 9-வெயிட் வேணும். மீனையும் சீக்கிரம் கரைக்குக் கொண்டு வரலாம். ரொம்ப நேரம் போராடவிட்டா, திரும்ப விட்டாலும் பிழைக்காம போகலாம்.

ஃபிளைக்கு முன்னாடி ஒரு அடி நீளம் மெல்லிய கம்பி கட்டாயம். கூடவே நீளமான பிளையர். முள் நுனிக்குப் பின்னால இருக்கிற சின்ன எதிர்முள்ளை அதால நசுக்கிடுங்க, கழட்டுறது சுலபம். கடிச்சதும் ராடைத் தூக்காதீங்க, கையால லைனை இழுங்க.

காசு கம்மியா? ரீல்ல மிச்சம் பிடிங்க, லைன்ல வேண்டாம். ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும்னா, உங்களுக்குப் பக்கத்துல எந்த மீன் இருக்கோ அதுக்கு வாங்குங்க. 4-வெயிட் மட்டும் கையில இருக்கும்போது பைக் தண்ணியைப் பார்த்தா, வேடிக்கை பாருங்க, வீசாதீங்க. லைசென்ஸும் மறக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல, அந்தக் கம்பியை நரம்போட எப்படி முடிச்சுப் போடுறதுன்னு பார்ப்போம்.