கார் பளபளக்க ஒரு போத்தல் போதுமா? தெளிப்பு மெழுகைப் பயன்படுத்தும் முறை

தீபாவளிக்கு முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, பேராக்கில் உள்ள தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மணி ஐந்து. கடைசி மூன்று கிலோமீட்டரும் செம்மண் சாலை. என்னுடைய கறுப்பு நிற மைவியின் மேல் பழுப்பு நிறத்தில் தூசு படிந்திருந்தது. மறுநாள் அந்தக் காரில்தான் உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டும். குழாயிலோ தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. பூட்டில் ஒரு போத்தல் தெளிப்பு மெழுகு இருந்தது. ‘தண்ணீரே வேண்டாம், தெளித்துத் துடைத்தால் போதும்’ என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்ததை நம்பி, பழைய கைலித் துணியை எடுத்து முழுக் காரையும் துடைத்து முடித்தேன். அந்தி வெளிச்சத்தில் கார் புதிதுபோல் மின்னியது.

மறுநாள் காலை வெயில் பட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. போனட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள். பண்டிகை முடிந்து, சாயம் அடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, மெழுகு மேல தப்பு இல்ல. நீங்க மண்ண வச்சுத் தேச்சிருக்கீங்க” என்றார். கீறலைப் போக்க நான் கொடுத்த பணத்தில் அப்படிப்பட்ட பத்துப் போத்தல்களை வாங்கியிருக்கலாம். அந்தக் காருக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் கடன் கட்ட வேண்டியிருந்தது.

நம்மில் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய கடன் காருக்குத்தான். ஒன்பது ஆண்டுகள் வரை தவணை கட்டுகிறோம். கடன் முடிவதற்குள் சாயம் வெளுத்துப்போனால், விற்கும்போது விலையும் குறையும். எனவே, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இந்தத் தெளிப்பு மெழுகு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சாயத்தின் மேல் என்ன இருக்கிறது?

இன்றைய கார்களில் நிறச் சாயத்தின் மேல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பட்டறைகளில் இதைக் ‘கிளியர் கோட்’ என்பார்கள். காரின் பளபளப்பு இந்தப் பூச்சிலிருந்துதான் வருகிறது. இதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். நம் தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் இதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது. ஒருமுறை போனது திரும்ப வராது.

மெழுகு இந்தப் பூச்சின் மேல் இன்னொரு மெல்லிய படலமாக உட்காருகிறது. பல வகை மெழுகுகளில் சேர்க்கப்படும் கார்னாபா, பிரேசில் நாட்டில் வளரும் ஒரு பனையின் இலைகளில் படியும் மெழுகு. செம்பனைக்கு நடுவே வளர்ந்த நமக்கு, அதுவும் பனை இனம்தான் என்பது வியப்பாக இருக்கலாம். 80 பாகை செல்சியசைத் தாண்டிய பிறகே அது உருகும். தெளிப்பு மெழுகில் இதையோ செயற்கைப் பொருள்களையோ நீரில் நுண்துளிகளாகக் கலந்திருப்பார்கள். நீர் ஆவியானதும் படலம் மட்டும் தங்கும்.

அப்பா காலத்தில் டின்னில் வந்த கெட்டி மெழுகைப் பழைய பனியன் துணியால் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும் துடைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். தெளிப்பு மெழுகுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால், அதன் படலம் மெல்லியது. சில வாரங்கள்தான் தாங்கும். நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் அதற்கு முன்பே கரைந்துவிடக்கூடும்.

எது நடக்கும், எது நடக்காது?

மெழுகு பூசிய சாயத்தில் தண்ணீர் பரவி நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். தூசு இறுகப் பிடிக்காது. பறவை எச்சம், மரப்பால், பூச்சிக் கறை போன்றவற்றைக் கழுவி எடுப்பது எளிதாகும். ரப்பர் மரத்தடியிலோ மாமரத்தடியிலோ காரை நிறுத்துபவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

ஆனால், பறவை எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் காய்ந்தால் மெழுகையும் தாண்டிக் கிளியர் கோட்டில் தடம் பதித்துவிடும். மெழுகு பூசியாயிற்றே என்று விட்டுவிடாமல், பார்த்தவுடனே ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும்.

கீறலை மெழுகு போக்காது. மெல்லிய கீறல் சில நாள்கள் மறைந்ததுபோல் தெரியலாம், அவ்வளவுதான். உரிந்துபோன கிளியர் கோட்டை மெழுகு ஒட்டவைக்காது. வெயிலையும் பெரிதாகத் தடுக்காது. கூரையுள்ள இடத்தில் நிறுத்துவது எந்த மெழுகைவிடவும் மேல்.

முதல் வேலை, மண்ணை அகற்றுவது

நான் செய்த தவறு இங்கேதான். செம்மண் தூசில் பொடிப்பொடியான மணல் கலந்திருக்கும். அதன் மேல் துணியை வைத்துத் தேய்த்தால் மணல்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். மெழுகின் ஈரம் கொஞ்சம் வழுக்கல் தருமே தவிர, மணலை அகற்றாது.

முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். அதிக மண் சேரும் கதவின் அடிப்பாகத்தைக் கடைசியில் துடையுங்கள். மங்கு கழுவும் திரவம் வேண்டாம்; இருக்கிற மெழுகையும் அது எடுத்துவிடும்.

கழுவிய பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சாயத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் தூசும் கறையும் இன்னும் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். அதற்கெனக் கடையில் விற்கும் களிமண் போன்ற கட்டியை நன்றாக வழுக்கும்படி நனைத்து, அழுத்தாமல் தேய்த்து எடுக்கலாம்.

தெளிக்கும் முறை

கார் நிழலில் இருக்க வேண்டும். போனட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். சூட்டில் தெளித்தால் மெழுகு உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில வகைகளை ஈரமான காரில் தெளிக்க வேண்டும், சிலவற்றைக் காய்ந்த காரில். நன்றாகக் குலுக்கிவிட்டு, ஒரு கதவுக்கு இரண்டு மூன்று தெளிப்பு மட்டும். முழுக் காருக்கும் ஒரேயடியாகத் தெளிக்காதீர்கள். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சுத்தமான மைக்ரோபைபர் துணியால் மெதுவாகப் பரப்புங்கள். உடனே இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். துணி கீழே விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறு துணியை எடுங்கள். அதில் ஒட்டிய ஒரே ஒரு மணல் போதும் கீறல் போட. அதிகம் தெளித்தால் அதிகம் மின்னும் என்பதும் தவறு. மிஞ்சிய மெழுகு கோடுகோடாகத் தெரிவதோடு தூசையும் பிடித்து வைக்கும்.

படக்கூடாத இடங்கள்

இது அழகு பற்றிய விஷயம் மட்டுமல்ல. முன்கண்ணாடியில் மெழுகு பட்டால், மழையில் வைப்பர் ஓடும்போது மங்கலாகப் படர்ந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கொளி சிதறித் தெரியும். இரவில் மழையோடு நெடுஞ்சாலையில் வருபவருக்கு அது ஆபத்து. கார் சக்கரத்தில் தெளிக்கும்போது பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது. துணியில் தெளித்து, அந்தத் துணியால் ரிம்மை மட்டும் துடைப்பதே பாதுகாப்பு.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கில் மெழுகு பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. இருக்கையிலும் கால் வைக்கும் இடத்திலும் டயரிலும் பட்டால் வழுக்கும். பிள்ளைகள் ஆசையாக வண்டியைத் துடைக்கும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பளபளப்பில்லாத ‘மேட்’ சாயத்துக்குச் சாதாரண மெழுகு ஆகாது. திட்டுத் திட்டான மினுமினுப்பு வந்துவிடும். புதிதாகச் சாயம் அடித்த பகுதியிலும் உடனே பூச வேண்டாம். சாயம் முழுமையாக இறுக நாளாகும். எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று சாயம் அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். மழை பெய்ததும் போனட்டில் தண்ணீர் முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பாய் விரித்ததுபோல் பரவி நின்றால், கழுவிவிட்டு மறுபடியும் பூசலாம். வெளியில் நிறுத்தும் காருக்கு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு அதிகம் செலவாகாது என்பதால் அரை லிட்டர் போத்தல் பல மாதங்களுக்கு வரும். கூடுதலாகப் பணம் செலவழிக்க நினைத்தால், விலை உயர்ந்த மெழுகைவிட நல்ல துணிகள் நான்கைந்து வாங்குவது பயன் தரும். அவற்றைத் தனியாகத் துவைத்து வைக்க வேண்டும். துணி மென்மியைச் சேர்த்தால் அவை ஈரத்தை உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும்.

அடுத்த பண்டிகைக்கும் அதே செம்மண் சாலையில்தான் போனேன். குழாயில் அப்போதும் தண்ணீர் குறைவுதான். காரைத் தொடவில்லை. தூசோடேயே உறவினர் வீடுகளுக்குப் போனோம். “காடிய கழுவக்கூட நேரமில்லையா?” என்று மாமா கேட்டார். சிரித்துக்கொண்டேன். தூசு கழுவினால் போய்விடும், கீறல் போகாது.