ஆவாரம்பூ: மடலேறியவன் தொடுத்த மாலை

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வரை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மேட்டிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கிறது ஆவாரை. சங்கப் பாட்டில் ஆவிரை என்று வருவது இதுதான்.

குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருப்பு, தும்பை என்றால் போர் என்று பூவைக் கொண்டே வாழ்க்கையைப் பிரித்துப் பாடிய மரபு நம்முடையது. அதில் ஆவிரைக்குக் கிடைத்தது கடினமான இடம். பெண் கிடைக்காத காதலன், கருக்கு அறுக்கும் பனைமடலில் குதிரை செய்து, ஊர் பார்க்கத் தெருவில் ஏறி வருவது மடலேறுதல். குறுந்தொகை 173-ஆம் பாட்டில் அந்தக் குதிரைக்கு ஆவிரை மாலை. கலித்தொகையில் ஒருவன் மயிற்பீலியோடு பூளை, ஆவிரை, எருக்கு மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறான். கூந்தலில் பெண்கள் விரும்பி வைக்கும் பூ ஒன்றுகூட அதில் இல்லை. மானத்தை விட்டுத் தெருவுக்கு வந்தவனுக்குப் புறம்போக்கில் கிடைப்பதே மாலை. புலவர்கள் செடியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

அந்தப் பூவுக்குள் நடப்பதும் பார்க்க வேண்டியது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மலடு. மற்றவற்றின் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் திறக்கும். உப்புக் குப்பியைப் போலக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். அந்த வேலைக்கு வருவது பட்டமரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கரிய பெருந்தேனீ. பையைக் காலால் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். உர்ரென்ற சத்தம் நமக்கே கேட்கும். கொட்டியதில் பெரும்பகுதி அதன் குஞ்சுகளுக்கு உணவு. உடம்பில் ஒட்டிய மிச்சம் அடுத்த பூவின் சூல்முடிக்குப் போகிறது.

பட்டையில் துவர்ப்பு மிகுதி என்பதால் தோல் பதனிட இதை வெட்டினார்கள். பூவைக் காயவைத்துக் கொதிக்கவிட்டுக் குடிப்பவர்கள் இன்றும் உண்டு.

போகியன்று காப்புக் கட்ட, வேப்பிலையோடு ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வீட்டு முகப்பில் செருகுகிறோம். கலித்தொகைக் காதலனின் மாலையில் இருந்த மூன்றில் இரண்டு! ஊர் எள்ளி நகைத்த மாலையின் பூக்கள் வீட்டைக் காக்க வந்ததற்கு, எந்த வறட்சியிலும் கருகாத அவற்றின் உரமே காரணம் என்பது என் எண்ணம். தெலங்கானாவில் பெண்கள் பதுக்கம்மா விழாவுக்கு அடுக்கும் பூக்களிலும் ஆவாரம்பூ உண்டு. தங்கேடு என்ற பெயரில் அந்த மாநிலத்தின் பூவும் இதுவே.