காலையில் மலையடிவாரம், மாலையில் கடற்கரை: நம்ம ஊர் நாய்களைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

விருதுநகர் மாவட்டத்து விஸ்வநத்தத்திலிருந்து மேற்கே போனால் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே போனால் மன்னார் வளைகுடா. விடிகாலையில் காட்டோரம், சாயங்காலம் கடலோரம் என்று ஒரே நாளில் நாயோடு சுற்றிவரத் தோதான ஊர், பட்டாசுக்குப் பேர்போன நம்ம ஊர்! மழை ஓய்ந்து, கண்மாய் நிறைந்து, வெயிலும் தணிந்திருக்கும் மார்கழியும் தையும்தான் அதற்கு ஏற்ற காலம். இதைப் படித்துவிட்டுச் சங்கிலியைக் கையில் எடுங்கள்!

நம்ம மாவட்டத்து ஊர்ப்பெயரைச் சுமக்கும் நாய்கள் எவை தெரியுமா?

ராஜபாளையம், சிப்பிப்பாறை! இரண்டுமே விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். 2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கென நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. அதில் ஒன்று, பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நம்ம ராஜபாளையம்! 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் தமிழ்நாட்டு இனங்களைப் பெயர் சொல்லியே பேசினார்.

பனிக்காலையில் நாய் ஏன் தரையை விட்டுத் தலையைத் தூக்குவதே இல்லை?

ஈரமும் குளிர்ச்சியும் வாசனையைத் தரையோடு தரையாகப் பிடித்து வைக்கும். ராத்திரி கடந்து போன முயல், கீரி, காட்டுப்பன்றி எல்லாம் அதற்கு அங்கேயே கிடக்கின்றன! நாயின் மூக்கை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். ஓட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு கீறல் இருக்கும். மூச்சை விடும்போது காற்று அந்தக் கீறல் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து புழுதியைக் கிளப்பும். கிளம்பிய வாசனையை மறு நொடியே முன்பக்கமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மனிதருக்கு மோப்ப உணர்விகள் லட்சக்கணக்கில்தான், நாய்க்கோ கோடிக்கணக்கில்!

சிப்பிப்பாறை ஓடும்போது எத்தனை கால் தரையில் இருக்கும்?

சில கணங்களில் ஒன்றுகூட இருக்காது! முழு வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் அந்தரத்தில் நிற்கும்: உடம்பை விரிக்கும்போது ஒரு தடவை, சுருக்கும்போது ஒரு தடவை. கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம் இது. தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. காட்டு முயலைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பது நாய்க்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கயிறு கையில் இருக்கட்டும்.

சரவெடிக்கும் அசையாமல் தூங்குகிறதா உங்கள் ராஜபாளையம்?

‘பட்டாசு ஊரில் பிறந்தது, அதான் பயமில்லை’ என்று பெருமைப்படுவோம். ஆனால் அதற்குக் காது கேட்காமலே இருக்கலாம், தெரியுமா? இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். காரணம் அந்த வெள்ளை நிறமேதான்! தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே வகை செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். டால்மேஷனுக்கும் இதே கதைதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, காற்றும் அதிர்வும் அதன் மேல் படாத தூரத்தில் நின்று கை தட்டுங்கள். காது திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயும் உண்டு. அதை உறுதிசெய்ய மருத்துவரால்தான் முடியும். செவிட்டு நாய் மக்கு நாய் இல்லை! கை ஜாடையை வேகமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டால், நீங்கள் கூப்பிடுவது அதை எட்டவே எட்டாது.

மலையடிவாரம் வரைதான் போகலாம். ஏன் தெரியுமா?

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே இருப்பது சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் அமைந்த சரணாலயம். 2021இல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. வளர்ப்பு நாய்க்கு உள்ளே இடமில்லை, அது நோயையும் கொண்டுபோகலாம். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றிடம் கண்டறியப்பட்டது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ்! நம் மலைகளில் திரியும் செந்நாய்களையும் அது விடாது. எனவே தோப்பும் கண்மாய்க்கரையும் நமக்கு, காடு காட்டுயிர்களுக்கு. திரும்பும்போது காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி பார்க்க மறக்காதீர்கள்.

காட்டின் பச்சை தெரியாத நாய்க்குக் கடலின் நீலம் தெரியும்!

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவான நிறங்கள். காலையில் நாம் ரசித்த பச்சை மலை அதற்கு மங்கிய மஞ்சள்தான். ஆனால் வைப்பாறு கடலில் கலக்கும் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ போய் இறங்கிப் பாருங்கள். எதிரே விரியும் அந்த நீலத்தை உங்களைப் போலவே அதுவும் பார்க்கும்! மலையிலிருந்து மழைநீரைக் கொண்டுவந்து அந்தக் கடலில் சேர்ப்பது நம்ம மாவட்டத்தைக் கடந்து ஓடும் வைப்பாறு என்பது இன்னொரு அழகு.

கடற்கரையில் கிடக்கும் உருண்டை மீனைத் தொடவிடலாமா?

கூடவே கூடாது! வலையில் சிக்கிக் கரையில் வீசப்படும் பேத்தை மீனில் இருக்கும் நஞ்சுக்கு முறிவு மருந்தே கிடையாது. கடல்நீரும் ஆபத்துதான், ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு! வீட்டிலிருந்தே நல்ல தண்ணீர் கொண்டுபோய் அடிக்கடி கொடுங்கள். கரையேறியதும் உப்பைக் கழுவித் துவட்டுங்கள். நம்ம நாட்டு நாய்களுக்கு அடிமுடியும் இல்லை, கொழுப்பும் குறைவு. ஈரத்தோடு காற்றில் நின்றால் வெடவெடத்துப்போகும்.

பனிக்காலத்தில்தான் ஆமைகளும் முட்டையிடக் கரையேறத் தொடங்கும், வலசைப் பறவைகளும் உப்பளங்களில் இரை தேடும். நாய் ஒரு பள்ளம் தோண்டினால் ஒரு கூடே அழியலாம். ஆகவே அங்கேயும் கயிறு அவசியம்.

போவதற்குச் சில வாரம் முன்பே வெறிநாய்க்கடிக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். நாடு கொண்டாடும் இனங்கள் நம் வாசலில் நிற்கின்றன. அவற்றைக் கூண்டில் அடைத்துப் பெருமை பேசாமல், இந்தத் தை முடிவதற்குள் ஒரு நாளாவது மண்ணிலும் மணலிலும் நடக்கவையுங்கள்!