டம்ளரை வீசுகிறானா குட்டிப் பயல்? அடிக்காதீர்கள், பந்து கொடுங்கள்!

தாம்பரம்,

சேலையூரில் 3-வது மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. பால்கனியில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் பறந்தது. கீழே நின்ற ஸ்கூட்டர் மீது "டங்" என்று மோதி, தெருவில் உருண்டது.

நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. விழுந்திருந்தால் நிருபராகப் போயிருப்பேன். தாய்மாமனாகப் போனேன். வீசிய ஆள் என் அக்காள் மகன். வயது இரண்டரை!

முதுகில் ரெண்டு வைத்தாள் அக்காள். பயல் அழுது முடித்தான். அடுத்து டி.வி. ரிமோட் பறந்தது.

"இந்த வயசுலேயே எவ்வளவு கோபம் பாருடா" என்றாள்.

கோபமாம்! பயல் சிரித்துக்கொண்டே அல்லவா வீசினான்?

விடத் தெரியாத கை

பிறந்த குழந்தையிடம் விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விடத் தெரியாது. வேண்டுமென்றே கையைத் திறந்து ஒரு பொருளைப் போடுவது ஒரு வயதை ஒட்டித்தான் வருகிறது. ஸ்பூனைப் போடும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். நமக்கு எரிச்சல், அதற்குப் பாடம்.

ஒன்றரை வயதில் நின்றபடி வீசப் பார்க்கும். 2, 3 வயதில் கால் நகராது, இடுப்பு திரும்பாது, வெறும் கைதான். பிறகு ஒரு காலை எடுத்து வைக்கும். வலது கையால் வீசும்போது வலது காலையே வைக்கும். எதிர்க் காலை முன்னே வைத்து, உடம்பைத் திருப்பி எறிவது 6, 7 வயது வாக்கில்தான் வரும். அதுவும் பழகினால்தான்! ஆபீஸ் கிரிக்கெட் மேட்சில் பவுண்டரியில் இருந்து பந்து எறிகிறவர்களைக் கவனியுங்கள். 40 வயதிலும் சிலருக்கு வந்திருக்காது.

டோக்கியோவில் 2021 ஆகஸ்டு 7-ந் தேதி நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினாரே, வலது கைக்காரரான அவர் இடது காலை ஊன்றித்தான் எறிந்தார்.

கசக்கிய பேப்பர்

இதற்குக் காசு செலவு இல்லை. பழைய சாக்ஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினால் பந்து. கையில் இருக்கும் இந்தப் பேப்பரைக் கசக்கி, மேலே செல்லோ டேப் சுற்றினாலும் பந்துதான். (படித்து முடித்த பிறகு!)

பந்து குழந்தையின் ஒரு கைக்கு அடங்கவேண்டும். வாய்க்குள் அடங்கக் கூடாது. கோலிக்குண்டு, சின்ன ரப்பர் பந்து எல்லாம் 3 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

எடுத்த எடுப்பில் குறி பார்க்கச் சொல்லாதீர்கள். பலமாக வீசட்டும். துணிக்கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுங்கள். பந்து பட்டதும் "பொத்" என்று அங்கேயே கீழே விழும். டி.வி. தப்பிக்கும். பந்தை எடுக்கக் குழந்தையே ஓடும். பத்து முறை வீசினால் பத்து முறை ஓட்டம். ராத்திரி சீக்கிரம் தூங்கும், போனஸ்!

பிறகு வாளி. 3 அடி தள்ளி நிறுத்துங்கள். நாலு எறிந்து மூன்று விழுந்தால் ஒரு அடி பின்னே போகலாம்.

4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலில் இருந்து குட்டிப் பாதம் போடுகிறோம் அல்லவா? அதே மாவில் ஒரே ஒரு பாதம் போடுங்கள். எறியும்போது எதிர்க் கால் அதன்மேல் வரவேண்டும். "காலை வை, காலை வை" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டாம். இடது கைக்காரக் குழந்தையா? கையை மாற்றாதீர்கள். பாதத்தை மாற்றிப் போடுங்கள்.

பையனுக்குப் பந்து, பெண்ணுக்குச் சொப்பு என்று பிரிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பெண்ணே பிறகு பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடும்போது, கை எழவில்லை என்று திட்டு வாங்கும். என்ன நியாயம்?

சட்டம் ஒன்றே ஒன்றுதான். பந்து எறியலாம், டம்ளர் எறியக் கூடாது. யார் முகத்தையாவது பார்த்து எறிந்தால் ஆட்டம் நின்றது. பந்து பீரோ மேலே. அடி வேண்டாம். பால்கனியில் ஆட்டமே கிடையாது.

ஜல்லிக் கல்

போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பீச் - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் இருந்து ஓடுகிறது. தண்டவாளம் நெடுக ஜல்லிக் கல். எதிரே ஓடுகிற குறி. எட்டு, பத்து வயதுப் பையனுக்குக் கை சும்மா இருக்குமா? "லேசாத்தான் சார் எறிஞ்சேன்" என்பான். முன்னால் இருந்து வரும் கல்லின் வேகத்தோடு ரெயிலின் வேகமும் சேர்ந்துகொள்வது அவனுக்குத் தெரியாது. ஜன்னலோரம் காற்று வாங்கும் மனிதருக்குக் கண்ணே போய்விடும்.

ரெயில்வே சட்டம் (1989) 153-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில். காயப்படுத்தும் எண்ணத்தோடு எறிந்தால் 152-வது பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகும். 7 வயது நிரம்பாத குழந்தை செய்வது குற்றம் ஆகாது. அதற்கு மேல் 18 வயதுக்குள் என்றால் சிறுவர் நீதிக் குழுமம். 2019-ல் வந்தே பாரத் ரெயில்கள் ஓடத் தொடங்கியதில் இருந்து நாட்டில் பல இடங்களில் கல் எறிந்து கண்ணாடி உடைந்தது. சிக்கியவர்களில் சிறுவர்களும் உண்டு.

பந்து கொடுத்தால் கல்லெறி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எறியத் துடிக்கிற கைக்கு எறிய இடம் எங்கே? தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நான் ஏழு கல் ஆடிய தெருவில் இன்று கார்கள் வரிசையாக நிற்கின்றன. மிச்சம் இருப்பது வீட்டுக் கூடமும் ஒரு போர்வையும்தான்.

அக்காள் வீட்டில் போர்வை தொங்கி 3 வாரம் ஆகிறது. டம்ளர் பறப்பது நின்றுவிட்டது. நேற்றுப் போனேன். பயல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்தான். 5 அடி தூரத்தில் இருந்து வாளிக்குள் குறி தப்பாமல் எறிந்தான்.

குடிக்கப் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீர் வாளி!